அந்த ஒரு பக்கத் தாளை மாற்றி எழுதுங்கள்

சர்க்கரை நோய்க்கும் தைராய்டு கோளாறுக்கும் உணவு ஆலோசனை சொல்லும் மருத்துவர்கள், உணவியல் நிபுணர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

ஆலோசனை முடிந்து கிளம்பும்போது நோயாளியின் கையில் நீங்கள் கொடுத்தனுப்பும் ஒரு பக்கத் தாளைப் பற்றித்தான் இந்த மடல். இடப்பக்கம் 'சாப்பிடலாம்', வலப்பக்கம் 'கூடாது'. சில தாள்களில் உணவின் பெயருக்குப் பக்கத்திலேயே, அது ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீட்டு எண்ணும் இருக்கும். 55 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது, 70-ஐத் தொட்டால் ஆகாது, நடுவில் இருப்பவை அளவோடு. எனக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது, தைராய்டு குறைவும் இருக்கிறது. அதனால் என்னிடம் இரண்டு தாள்கள். சர்க்கரைத் தாள் சோயாவையும் முட்டைக்கோஸையும் தாராளமாகச் சாப்பிடச் சொல்கிறது. தைராய்டுத் தாள் அதே இரண்டையும் தொடவே கூடாது என்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் அடுப்புக்கு முன்னால் நிற்பவருக்கு அவை வழிகாட்டவில்லை.

தாளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை மாற்றி எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். எண்ணைக் கொடுத்துவிட்டு, அதை வைத்து ஒரு வேளைச் சாப்பாட்டை எப்படி அமைப்பது என்று சொல்லாமல் விட்டால், தேவையில்லாத இடத்தில் நாங்கள் பட்டினி கிடக்கிறோம், கவனிக்க வேண்டிய இடத்தைக் கவனிக்காமல் விடுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிளைசெமிக் குறியீடு பொய்யான கருத்து அல்ல. 1981-ல் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் உடன் வேலை செய்தவர்களும் 62 உணவுகளையும் சர்க்கரை வகைகளையும் ஆரோக்கியமானவர்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்து, ரத்தச் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்று அளந்தார்கள். அதுவரை மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கும், இனிப்பு வேகமாக ஏற்றும் என்ற எண்ணமே பரவலாக இருந்தது. அளந்து பார்த்தபோது கதை வேறு. உருளைக்கிழங்கும் ரொட்டியும் வெள்ளைச் சர்க்கரையைவிட வேகமாக ஏற்றின. பருப்பும் பயறும் மிக மெதுவாக ஏற்றின. இரண்டிலும் இருப்பது மாவுச்சத்துதான், ஆனால் உடம்பில் நடப்பது ஒன்றல்ல என்று தெரிந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி.

மெதுவாக ஏற்றும் உணவு பலன் தருகிறது என்பதற்கும் சான்று உண்டு. 2021-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு, 1,617 சர்க்கரை நோயாளிகள் பங்குபெற்ற சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. குறைந்த கிளைசெமிக் உணவுமுறையில் இருந்தவர்களுக்கு, கடந்த மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.31 சதவீதப் புள்ளி கூடுதலாகக் குறைந்தது. சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மருந்துக்கு மேல், சாப்பாட்டை மாற்றியதால் மட்டுமே கிடைத்த பலன் இது. இதை எந்த நோயாளியும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அதனால்தான் இதைச் சரியாகச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

அந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள் என்பதை உங்களில் எத்தனை பேர் நோயாளிக்குச் சொல்கிறீர்கள்? சர்க்கரை நோய் இல்லாத, இரவு முழுக்க வெறும் வயிற்றில் இருந்த சிலருக்கு, ஓர் உணவை மட்டும் தனியாகக் கொடுக்கிறார்கள். அதில் செரிக்கக்கூடிய மாவுச்சத்து (இயல்பாக உள்ள சர்க்கரையும் சேர்த்து) சரியாக 50 கிராம் இருக்கும்படி அளவு வைக்கிறார்கள். இரண்டு மணி நேரம் ரத்தச் சர்க்கரையைப் பார்த்து, அதே 50 கிராம் குளுக்கோஸ் ஏற்றியதோடு ஒப்பிடுகிறார்கள். அவ்வளவுதான். அந்த எண், ஓர் உணவில் உள்ள மாவுச்சத்து எவ்வளவு வேகமாக ரத்தத்தில் சேர்கிறது என்பதைச் சொல்கிறது. உங்கள் தட்டில் அது எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

தர்பூசணியை எடுத்துக்கொள்ளுங்கள். எண் 76. எல்லாத் தாள்களிலும் வலப்பக்கம்தான். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். 50 கிராம் மாவுச்சத்து கிடைக்க அரைக் கிலோவைத் தாண்டி நன்றாகவே சாப்பிட வேண்டும். ஒரு கீற்று, சுமார் 120 கிராம், சாப்பிட்டால் உள்ளே போகும் மாவுச்சத்து மிகக் குறைவு. எண்ணையும் சாப்பிட்ட மாவுச்சத்தின் கிராம் அளவையும் பெருக்கி நூறால் வகுத்தால் வருவது கிளைசெமிக் சுமை. 10 வரை குறைவு, 20-ம் அதற்கு மேலும் அதிகம். தர்பூசணிக் கீற்றுக்கு அது ஐந்தை ஒட்டித்தான் வரும். வெள்ளை அரிசிச் சோறு ஒரு சிறிய கிண்ணம், 150 கிராம் என்று வையுங்கள். சுமார் 40 கிராம் மாவுச்சத்து, எண் 73. சுமை 29. அதையே தவிட்டோடு உள்ள அரிசியாக மாற்றினால் எண் 68. சுமை 27. வெள்ளைச் சோற்றையே பாதியாகக் குறைத்து, மீதி இடத்தில் காயும் பருப்பும் வைத்தால் சோற்றின் சுமை 15-க்குள் வந்துவிடும். பருப்பின் எண் 32, அதனால் அது கூட்டுவது கொஞ்சம்தான்.

இந்த ஒரு கணக்கை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் எத்தனை குடும்பங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 'தவிட்டரிசிக்கு மாறிவிட்டேன், ஆனால் சர்க்கரை குறையவே இல்லை' என்று உங்களிடம் வந்து சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அரிசியை மாற்றியிருக்கிறார்கள், அளவை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று யாரும் அழுத்திச் சொல்லவும் இல்லை. தவிட்டரிசியில் நார்ச்சத்து கூடுதல், வேறு நன்மைகளும் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 'இதை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்று நோயாளி எடுத்துக்கொள்ளும்படி அது தாளில் இடப்பக்கம் நிற்கிறது.

இன்னொன்று. ஓர் உணவுக்கு ஒரே எண் என்று தாளில் போடுகிறீர்கள். அப்படி ஒன்று கிடையாது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 235 நெல் வகைகளைப் பார்த்தபோது குறியீடு 48-ல் தொடங்கி 92 வரை போனது. அமிலோஸ் என்ற மாவுச்சத்து அதிகமுள்ள வகை மெதுவாகச் செரிக்கும், குறைவாக உள்ள, குழைந்து ஒட்டும் வகை வேகமாக ஏறும். வேகவைக்கும் நேரம், எவ்வளவு குழைய விடுகிறோம், ஆறவைத்துச் சாப்பிடுகிறோமா என்பதெல்லாம் எண்ணை நகர்த்தும். வெந்த சோறும் உருளைக்கிழங்கும் ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடுகிறது.

அரைக்கும் நைஸும் அப்படித்தான். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட சர்வதேச அட்டவணையில் ஓட்ஸ் அவலின் எண் 55, சுடுநீர் ஊற்றினால் தயாராகும் உடனடி ஓட்ஸின் எண் 79. ஒரே தானியம்தான். அதே அட்டவணையில் வெள்ளை ரொட்டி 75, முழுக்கோதுமை ரொட்டி 74. முழுத் தானியமாக இருந்தாலும் பொடியாக அரைத்துவிட்டால் செரிமான நீர் உடனே உள்ளே போய்விடுகிறது. 'முழுத் தானியம்' என்று உறையில் பெரிதாக எழுதியிருப்பதை நம்பிக் கூடுதல் காசு கொடுத்து வாங்கி, இரண்டு துண்டு சேர்த்துச் சாப்பிடும் நோயாளியிடம் இதை யார் சொல்வது? தானியம் எந்த அளவுக்கு உடையாமல் இருக்கிறது என்று பாருங்கள் என்று ஒரு வரி தாளில் இருந்தால் போதும்.

எண் குறைவாக இருந்தாலே நல்லது என்ற நம்பிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அதே அட்டவணையில் வேகவைத்த உருளைக்கிழங்கு 78, எண்ணெயில் பொரித்தது 63, மொறுமொறுவென்ற சிப்ஸ் 56. ஐஸ்கிரீம் 51, சாக்லேட் 40. கொழுப்பு சேர்ந்தால் வயிறு மெதுவாகக் காலியாகும், அதனால் எண் இறங்கும். உடம்புக்கு நல்லது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பழச் சர்க்கரையான ஃப்ரக்டோஸின் எண் 15 மட்டுமே, ஏனென்றால் அதில் பெரும்பகுதியை ஈரலே எடுத்துக்கொள்கிறது. அதை இனிப்பாகத் தொடர்ந்து அதிக அளவில் சேர்த்தால் ஈரலில் கொழுப்பும் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பும் ஏறும். தேனுக்கு 61, வெள்ளைச் சர்க்கரைக்கு 65. 'தேன் இயற்கையானது, சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது' என்று சொல்பவர்களை மறுக்க உங்களிடம் இந்த இரண்டு எண்கள் இருக்கின்றன. ஆனால் மறுக்கிறீர்களா? ஒரு பக்கத் தாளில் தேன் பெரும்பாலும் எந்தப் பக்கத்திலும் இருப்பதே இல்லை.

சரி, எண்ணை விட்டுத் தட்டுக்கு வருகிறேன். யாரும் ஓர் உணவை மட்டும் தனியாகச் சாப்பிடுவதில்லை. அமெரிக்காவில் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-ல் ஒரு சிறிய சோதனை செய்தார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 11 பேர். ஒரே சாப்பாடு, ஒரே அளவு. ஒரு நாள் ரொட்டியும் பழச்சாறும் முதலில், கால் மணி நேரம் கழித்துக் காயும் இறைச்சியும். இன்னொரு நாள் காயும் இறைச்சியும் முதலில், ரொட்டியும் சாறும் பிறகு. இரண்டாவது முறையில் ரத்தச் சர்க்கரை அரை மணியில் 29 சதவீதம், ஒரு மணி நேரத்தில் 37 சதவீதம், இரண்டு மணி நேரத்தில் 17 சதவீதம் குறைவாக இருந்தது. எதையும் விலக்கவில்லை, எதையும் புதிதாக வாங்கவில்லை. வரிசையை மட்டும் மாற்றினார்கள். 11 பேர் என்பது குறைந்த எண்ணிக்கைதான், அதன்பின் வேறு சோதனைகளும் இதே திசையைத்தான் காட்டின. பிடித்த உணவை இழக்காமல் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது என்பதே ஒரு நோயாளிக்கு எவ்வளவு ஆறுதல் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். புதிதாக நோய் தெரியவந்தவர் முதல் வாரத்தில் எதைத் தின்றாலும் குற்றம் செய்வதுபோலத் தின்கிறார். அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான் என்று நான் நினைக்கிறேன்: காயில் தொடங்குங்கள், அப்புறம் பருப்போ முட்டையோ மீனோ, கடைசியில் சோறோ ரொட்டியோ.

பயறு வகைகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு வேளையில் சாப்பிட்டால் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையையும் அது கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. ஜென்கின்ஸ் குழுவே 1980-களின் தொடக்கத்தில் இதைக் கவனித்தது. சாப்பிட்டதும் கொஞ்சம் நடப்பது, உணவில் எலுமிச்சையோ வினிகரோ சேர்த்துக்கொள்வது, இவற்றுக்கும் சிறிய பங்கு உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவருக்கு ஒத்துவருவது இன்னொருவருக்கு ஒத்துவராது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 800 பேருக்கு ஒரு வாரம் தொடர்ந்து ரத்தச் சர்க்கரையைக் கவனித்தார்கள். ஒரே உணவு ஒருவருக்கு ஏறுகிறது, இன்னொருவருக்கு அசைவதே இல்லை. அப்படியானால் அச்சடித்த எண்ணைவிட நோயாளியின் சொந்த எண்தான் பெரியது. குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்களில் பலர் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்க்கிறார்கள். அந்த எண் முந்தின நாள் மதியம் சாப்பிட்டது பொருந்தியதா என்று சொல்லாது. சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை, இப்படி இணையாகப் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் வேண்டாம். புதிய உணவைச் சோதிக்கும்போது, அல்லது அளவை மாற்றும்போது போதும். உணவு, அளவு, முன் எண், பின் எண் என்று ஒரு நோட்டில் எழுதிவந்தால், சில மாதங்களில் அவரே தன் தாளை எழுதிவிடுவார். அது உங்கள் தாளைவிடச் சரியாக இருக்கும்.

அடுத்து, உயிருக்கே ஆபத்தான ஒரு விடுபடல். நீங்கள் மெதுவாக ஏற்றும் உணவையே சாப்பிடுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் பழக்குகிறீர்கள். ஆனால் இன்சுலினோ, சர்க்கரையைத் திடீரென இறக்கக்கூடிய மாத்திரையோ எடுப்பவருக்கு ரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே போய், வியர்த்து, கை நடுங்கும்போது, அந்த அறிவுரை முழுக்கத் தலைகீழாக மாற வேண்டும். அந்த நேரத்தில் எண் அதிகமுள்ள, வேகமாக ஏற்றும் ஒன்றுதான் வேண்டும். 15 கிராம் குளுக்கோஸ், அல்லது சர்க்கரை கரைத்த தண்ணீர், அல்லது பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும். சாக்லேட்டோ பாதாம் பருப்போ அப்போது உதவாது, அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 'சர்க்கரை நோயாளிக்கு இனிப்புக் கொடுக்கலாமா' என்று வீட்டார் தயங்கும் அந்தச் சில நிமிடங்களுக்குப் பொறுப்பு ஓரளவு நமது தாள்களுக்கும் உண்டு. அகார்போஸ் சாப்பிடுபவருக்கு இன்னும் ஒரு படி மேலே சொல்ல வேண்டும். அந்த மாத்திரை வெள்ளைச் சர்க்கரை உடைவதையே தாமதப்படுத்தும். அவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் வேகமாக வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். இதைத் தாளின் மேலேயே, தடித்த எழுத்தில் போடுங்கள்.

சாப்பாட்டுக்கு முன் வேகமான இன்சுலின் போடுபவர் திடீரென்று பயறும் காயுமாக மாறினால், சாப்பாடு சர்க்கரையாக மாறுவதற்குள் இன்சுலின் வேலையைத் தொடங்கிவிடும். உணவை மாற்றச் சொல்லும் நாளிலேயே மருந்தின் அளவையும் நேரத்தையும் பார்க்க வேண்டும். வயிறு மெதுவாகக் காலியாகும் கேஸ்ட்ரோபரேசிஸ் வந்தவருக்கு நார்ச்சத்து நிறைந்த உணவு தொல்லை தரும். சிறுநீரகம் பழுதானவருக்குப் பயறும் சில பழங்களும் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடும். இவர்களுக்கும் அதே நகல் தாளைக் கொடுக்காதீர்கள்.

இனி தைராய்டு. இங்கேதான் எனக்கு வருத்தம் அதிகம். குறைந்த கிளைசெமிக் உணவு தைராய்டு நோயைக் குணப்படுத்தும் என்று இப்போது எங்கும் சொல்லப்படுகிறது. அப்படிக் குணப்படுத்துவதாக நிரூபணம் ஆகவில்லை என்று நீங்கள் வாய்திறந்து சொல்ல வேண்டும். சுரப்பி சுரக்காததற்குப் பெரும்பாலும் காரணம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அதைத் தாக்குவது. சோற்றைக் குறைத்தால் அந்தத் தாக்குதல் நிற்காது. தைராய்டு குறைவு உள்ளவருக்குக் கொழுப்பு ஏறலாம், எடை கூடலாம், கூடவே சர்க்கரை நோய்க்கான வாய்ப்பும் இருக்கலாம், அந்த அளவில் இந்த உணவுமுறை அவருக்கும் நல்லதுதான். ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அது நிற்க முடியாது. மாத்திரையை நிறுத்திவிட்டு உணவால் சரிசெய்கிறேன் என்று கிளம்பியவர்கள் சோர்ந்து வீங்கித் திரும்பி வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எடையைப் பற்றியும் உண்மையைச் சொல்லுங்கள். தைராய்டு குறைவால் மட்டும் கூடும் எடை பொதுவாகச் சில கிலோதான், அதிலும் பெரும்பங்கு உடம்பில் தேங்கும் உப்பும் நீரும். மாத்திரை சரியாக அமைந்ததும் அது குறையும். அதற்கு மேல் உள்ள எடைக்கு வேறு காரணம் தேட வேண்டும். இது தெரியாமல், எல்லாக் கிலோவையும் தைராய்டின் கணக்கில் எழுதி, மாத்திரை சாப்பிட்டும் மெலியவில்லையே என்று தன்னையே வெறுத்துக்கொள்ளும் பெண்கள் ஏராளம்.

தைராய்டு மாத்திரை விஷயத்தில் உணவின் எண் முக்கியமல்ல, நேரம்தான் முக்கியம். லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காலைச் சாப்பாடு. அல்லது இரவு கடைசிச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்து. காபி அதன் உறிஞ்சுதலைக் குறைக்கும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள் நான்கு மணி நேரம் தள்ளி. சோயாவும் அதிக நார்ச்சத்தும் உறிஞ்சுதலைக் குறைக்கும். இப்போது யோசியுங்கள். சர்க்கரைத் தாளைப் பார்த்து ஒருவர் காலையில் ரொட்டியை விட்டுவிட்டு ஓட்ஸ், தவிடு, சோயாப் பால் என்று மாறுகிறார். மாத்திரை விழுங்கிய பத்தாவது நிமிடத்தில் அதைச் சாப்பிடுகிறார். சில வாரங்களில், தைராய்டு போதாதபோது கூடும் டி.எஸ்.ஹெச். ஏறுகிறது. மாத்திரை அளவைக் கூட்டுகிறார்கள். பிறகு ஒருநாள் அவர் அந்தக் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார், இப்போது மாத்திரை அதிகமாகி நெஞ்சு படபடக்கிறது. நல்லதைத்தான் செய்தார், ஆனால் இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று பேசவில்லை.

இதற்குத் தீர்வு சோயாவைத் தடைசெய்வது அல்ல. இடைவெளி விடச் சொல்வது. உணவுமுறை பெரிதாக மாறினால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டி.எஸ்.ஹெச். பார்க்கச் சொல்வது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி எல்லாம் அப்படியே. அயோடின் போதுமான அளவு கிடைக்கிறவர் அவற்றை வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிடுவதால் தைராய்டு கெடாது. சர்க்கரைக்கு அவ்வளவு உகந்த காய்களை, காரணம் இல்லாமல் தட்டிலிருந்து பிடுங்காதீர்கள். மறுபக்கம், அயோடின் நல்லதுதானே என்று கடற்பாசி மாத்திரையை விழுங்குபவரைத் தடுத்து நிறுத்துங்கள். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பத்தில் 250. அளவை மீறினால், ஏற்கெனவே தாக்கப்பட்ட சுரப்பியை அதுவே முடக்கிவிடலாம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமினை எடுப்பவர்களிடம், ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாளாவது முன்பு அதை நிறுத்தச் சொல்லுங்கள். தைராய்டு அறிக்கையையே அது பொய்யாகக் காட்டக்கூடும்.

இரண்டு நோயும் சேர்ந்தவர்கள் அரிதானவர்கள் அல்ல. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளில் 17 முதல் 30 சதவீதம் பேருக்குத் தன்னெதிர்ப்புத் தைராய்டு நோய் இருக்கிறது என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் ஈரல் கூடுதலாகச் சர்க்கரை உற்பத்தி செய்யும், இன்சுலின் சீக்கிரம் கழிந்துவிடும், ரத்தச் சர்க்கரை ஏறும். குறைவாகச் சுரந்தால் இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும், சர்க்கரை அடிக்கடி தாழக்கூடும். தைராய்டு குறைவும் இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகையும் ஹெச்பிஏ1சி எண்ணை உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே, ஒழுங்காகச் சாப்பிடுபவரின் எண் காரணமில்லாமல் மாறினால், அவர் ரகசியமாக இனிப்புத் தின்றார் என்று முடிவுகட்டுவதற்கு முன் டி.எஸ்.ஹெச். பாருங்கள். 'வாயைக் கட்ட முடியாதா?' என்று ஒரு மருத்துவர் கேட்டதைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து வெளியே வந்தவர்களை நான் அறிவேன். அதன்பின் அவர்கள் சாப்பிட்டதை மறைக்கத் தொடங்கினார்கள். மறைப்பவருக்கு உங்களால் எந்த உணவு ஆலோசனையும் சொல்ல முடியாது.

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயும் இந்த இரண்டோடும் சேர்ந்து வரக்கூடியது. அது உறுதியானவர்களுக்கு மட்டும் குளூட்டன் இல்லாத உணவு கட்டாயம். ஆனால் அந்த வகை ரொட்டிகளும் பிஸ்கட்டுகளும் பெரும்பாலும் அரிசி மாவிலும் உருளைக்கிழங்கு மாவிலும் செய்தவை, சர்க்கரையை வேகமாக ஏற்றும். பரிசோதனை இல்லாமல், தைராய்டு இருக்கிறது என்பதற்காகவே ஒரு சர்க்கரை நோயாளியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் அவருக்கு நஷ்டம்தான்.

உங்கள் அறைக்கு வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அந்த வரிசையில் உட்கார்பவன். ஒவ்வொருவருக்கும் இத்தனையும் விளக்க உங்களுக்கு நேரம் இல்லை. அதனால்தான் தாள் சரியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். மேலே, சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்வது என்று இரண்டு வரி. நடுவில் ஒரு தட்டின் படம், பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, கால் பங்கு சோறோ ரொட்டியோ. எதை முதலில் சாப்பிடுவது என்று ஒரு வரி. கீழே அந்த நோயாளியின் மாத்திரைகளும் அவற்றின் நேரமும், உங்கள் கையெழுத்தில். பின்பக்கம் வெறுமையாக, அவர் தன் எண்களை எழுதிக்கொள்ள. அடுத்த முறை வரும்போது அந்தப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள். சமைப்பவர் வேறு ஆள் என்றால் அவரையும் உள்ளே கூப்பிடுங்கள், நோயாளியைவிட அவருக்குத்தான் கேள்விகள் அதிகம் இருக்கும்.

சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் வெவ்வேறு அறைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து, இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். முரண்படும் வரிகளை அடித்துவிட்டு, ஒரே தாளாக்கி எங்களிடம் கொடுங்கள்.

நன்றியுடன்,
இரண்டு தாள்களோடும் வாழும் ஒரு நோயாளி